‘போட்டு வாறன்’ சொல்லக்கூடாத வாசல்

சக்கர நாற்காலிப் பிள்ளையோடு எங்கெல்லாம் போய் வரலாம் என்றுதான் இந்த வலைப்பூவில் எழுதுகிறேன். இந்தமுறை போனது ஊர் பார்க்க அல்ல. என் மகன் கவினுக்கு ஒன்பது வயது. கால் நடக்காது, வாய் நன்றாக நடக்கும். வவுனியாவில் அவனுக்குத் தோதான பாடசாலை அமையவில்லை. பண்டத்தரிப்புப் பக்கம் கத்தோலிக்கச் சகோதரிகள் நடத்தும் இல்லத்தில் இடம் கிடைத்தது. ஆனால் கிழமை நாட்களில் அங்கேயே தங்கவேண்டும். அம்மா என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டாள் என்று நினைத்துவிடுவானோ என்ற பயம் எனக்கு. பொங்கல் முடிந்த கையோடு புறப்பட்டோம்.

காலை ரயிலில் யாழ்ப்பாணம் இரண்டரை மணி நேரம். நாற்காலியைப் பெட்டிக்குள் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். மேடையில் நிற்பவர்களைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நிலையத்திலிருந்து இல்லம் பதினாறு கிலோமீற்றர் வரும். இணுவில்காரர் ஒருவரின் ஓட்டோவை இரண்டாயிரம் ரூபாவுக்குப் பேசினேன்.

“நாற்காலி ஏறுமோ அண்ணை?”

“ஏறும் தங்கச்சி, மடிச்சுப் பின்னாலை கட்டுவம். எங்கடை தோட்டத்திலை வெங்காயம் கிண்டினால் முதல் சாக்கு உந்த இல்லத்துக்குத்தான் போகும். சண்டை நேரத்து இடப்பெயர்வுக்கை அப்பாதான் அந்தப் பிள்ளையளை ட்ராக்டரிலை ஏத்திக்கொண்டு போனவர். அதிலையிருந்து வந்த பழக்கம்.”

“நீங்கள் வேதமோ?” கிறிஸ்தவரோ என்ற கருத்தில் கேட்டேன்.

“சைவம். வெங்காயத்துக்கு என்ன வேதம், என்ன சைவம்?”

கவின் சிரித்த சிரிப்பில் என் பயத்தில் பாதி இறங்கிவிட்டது.

இல்லத்தின் வாசல் அறையில் சக்கர நாற்காலியில் இருந்தபடி தொலைபேசி பேசிக்கொண்டிருந்தவர் ரெஜினா அக்கா. ஐம்பது வயது இருக்கும். இல்லத்தின் கதை இவருடைய கதைதான். முன்பு இங்கே சகோதரிகளின் தையல் வகுப்பு மட்டும் நடந்ததாம். குருநகர் மீனவர் ஒருவர் நடக்கமாட்டாத தன் மகளைத் தூக்கிவந்து, தாயில்லாப் பிள்ளை, நான் கடலால் வரும்வரை வைத்திருங்கள் என்று கேட்டார். அந்தப் பிள்ளை இவர். இவரைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவர, தையல் மெசின்கள் மூலைக்குப் போய்க் கட்டில்கள் வந்தன. தகப்பன் ஞாயிறுதோறும் மீனோடு வந்தார். பிறகு ஒரு ஞாயிறு வரவில்லை.

இடப்பெயர்வு வந்தபோது ரெஜினா ட்ராக்டரில் ஏறமாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டார். “அப்பா வந்தால் ஆர் இருப்பினம் எண்டு கேட்டனான்,” என்றார். ஒரு சகோதரி, தென்மராட்சிக்குப் போகிறோம் என்று மதிலில் கரியால் எழுதிய பிறகுதான் ஏறினாராம். திரும்பி வந்தபோது கூரை இல்லை. மதில் இருந்தது, எழுத்தும் இருந்தது. அப்பா வரவில்லை. கூரையைத் தேவாலயப் பங்கு மக்கள் போட்டார்கள். சோற்றுக்குக் கறியைச் சைவத் தோட்டக்காரர்கள் கொடுத்தார்கள்.

கவினின் கட்டிலைப் பார்த்தோம். சாய்வுப் பாதைகள் நன்றாக இருக்கின்றன, குளியலறைக்குள்ளும் நாற்காலி போகிறது. வெளிக்கிடும்போது நம் வழக்கப்படி, “போட்டு வாறன்,” என்றேன்.

“எப்ப?” என்றார் ரெஜினா அக்கா.

“வாறன்தானே அக்கா.”

“உது இஞ்சை சரிவராது. அப்பாவும் போட்டு வாறன் எண்டுதான் சொன்னவர். நான் எந்த நாளெண்டு தெரியாமல் எல்லா நாளும் பாத்தனான். பிள்ளைக்கு நாளைச் சொல்லிப்போட்டுப் போங்கோ.”

போகிறேன் என்று சொல்லக்கூடாது, போய்விட்டு வருகிறேன் என்றே சொல்லவேண்டும் என்றுதானே நமக்குப் பழக்கியிருக்கிறார்கள்? அந்த நல்ல சொல்லுக்குள் இப்படியொரு ஓட்டை இருப்பதை நான் யோசித்ததேயில்லை. கவினின் முகத்தைப் பார்த்து, “வெள்ளிக்கிழமை பின்னேரம் வாறன்,” என்றேன். தலையாட்டினான். நான்தான் ஓட்டோவில் அழுதேன்.

இதேபோல் போகிறவர்களுக்கு: முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். இனிப்பை விட வெங்காயமும் அரிசியும் உதவும். பிள்ளைகளிடம் நாள் சொல்லுங்கள். உங்களால் முடியாத நாளைச் சொல்லாதீர்கள்.

வெள்ளிக்கிழமை ரயில் பிந்திவிட்டது. இல்லத்து வாசலை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் என் மகனின் குரல், ரெஜினா அக்காவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தது:

“அம்மா பின்னேரம் எண்டுதான் சொன்னவ. இன்னும் இருளேல்லைத்தானே!”