நொய்யலில் போன சாமி

போன செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு ஒரு மெயில் வந்தது. தோசைக் கரண்டியோடு ஹாலில் நின்று மூன்று முறை படித்தேன். அடுப்பில் தோசை கருகிப் போனது. போகட்டும்... எங்கள் வீட்டுச் சாமி அன்றைக்குச் சாகவே இல்லையாம்!

குழப்பமாக இருக்கிறதா? சொல்கிறேன்.

என் தாத்தாவுக்கு ராமாத்தாள் என்று ஒரு தங்கை. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, நொய்யலில் வெள்ளம் வந்த அன்று காணாமல் போனாள். ஆற்றோடு போய்விட்டாள் என்றார்கள். உடல் கிடைக்கவில்லை. கன்னியாகச் செத்த பெண்ணை எங்கள் பக்கத்தில் சும்மா விடுவார்களா? சாமியாக்கிவிட்டார்கள். வருசா வருசம் ஆடி வெள்ளிக்குப் புதுச்சேலை, வளையல், பொங்கல்.

தொண்டாமுத்தூரில் விவசாயம் பார்க்கும் என் அண்ணனுக்கு எல்லாமே ராமாத்தாள்தான். பைபாஸ் ஆபரேஷனுக்கே அவள் சேலைத் துண்டைக் கையில் கட்டிக்கொண்டு போனவர். இப்போது தோட்டத்தில் அவளுக்குச் சின்னதாக ஒரு கோயில் கட்டுகிறார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை பூமி பூஜை.

நானோ ரிட்டயர் ஆன ஜோரில், குடும்ப வரலாறு தேடுகிற வெப்சைட் ஒன்றில் எங்கள் வம்சத்தையே ஏற்றிக்கொண்டிருந்தேன். 'ராமாத்தாள் — நொய்யல் வெள்ளத்தில் மரணம்' என்றும் டைப் அடித்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு மலேசியாவில், ஈப்போவிலிருந்து காமாட்சி என்ற டீச்சர் எழுதியிருந்தாள். 'எங்கள் கொள்ளுப்பாட்டியைத் தயவுசெய்து ஆற்றிலிருந்து வெளியே எடுங்கள். எண்பது வயது தாண்டி வாழ்ந்தவர்.'

கூடவே ராமாத்தாளின் பழைய அடையாள அட்டை. ஊர் தொண்டாமுத்தூர். அப்பா பேர் சரி. மூத்த மகனுக்கு அவள் வைத்த பேர் செங்காளியப்பன் — என் தாத்தா பேர்! போட்டோவில், ரப்பர் தோட்டத்து வீட்டு வாசலில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அப்படியே என் அண்ணன் மூக்கு. பிடிக்காத மாப்பிள்ளையை விட்டுவிட்டு, பிடித்தவனோடு கப்பலேறியிருக்கிறாள் மகராசி! அறுபது வயதில் நான் ஹாலில் குதித்தேன் என்றால் நம்புவீர்களா?

சரி, குதித்தாயிற்று. அண்ணனிடம் யார் சொல்வது? இத்தனை நாள் கும்பிட்டது ஓடிப்போன பெண்ணை என்று, பைபாஸ் செய்த நெஞ்சுக்காரரிடம் எந்த வாயால் சொல்வது? மறைக்கலாம் என்றால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே தொண்டாமுத்தூர் பஸ் ஏறிவிட்டேன்.

கோயிலுக்குச் செங்கல் இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொல்லி போனை நீட்டினேன். அண்ணன் போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். செங்கலைத் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன்.

"புள்ளகுட்டியோட நல்லா இருந்துச்சா அம்மணி?" என்றார் கடைசியில்.

"அஞ்சு புள்ளைங்கண்ணா. நல்லா இருந்திருக்குதுங்க."

துண்டால் கண்ணைத் துடைத்தார். "பின்னென்ன? வருசம் தவறாம நாம இங்க கும்புட்டமல்ல... அதுதான் அங்க காப்பாத்தியிருக்குது."

அடடா! அவள் நம்மைக் காப்பாற்றுகிறாள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பூமி பூஜை சொன்னபடி நடந்தது. காமாட்சி வீடியோ காலில் கும்பிட்டாள். இந்த வருசத்துச் சாமி சேலை காமாட்சிக்குத்தானாம், அண்ணன் எடுத்து வைத்திருக்கிறார். தைக்கு இங்கே வர டிக்கெட் போட்டுவிட்டாள்.

வெப்சைட்டில் வெள்ளத்தை அழித்துவிட்டேன். 'தொழில்' என்ற கட்டம் காலியாக இருந்தது. நிரப்பினேன்: ஈப்போவில் ரப்பர் பால் எடுத்தல், தொண்டாமுத்தூரில் சாமி.