பைலி கதவைச் சாத்தாத கிடங்கு

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காப்பிக் கடையாகவும் ஓவியக் கூடமாகவும் மாறிய பழைய கிடங்குகளில் பாதி என் கைவேலை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு, மண் சுமந்து மேலே வந்தவன் நான். அப்து மேஸ்திரி என்று கேட்டால் படகுத்துறையில் கட்டிய ஆடுகூட என் வீட்டுக்கு வழி காட்டும். பைலியைப் பற்றி எழுதவும் என்னை விட்டால் ஆள் கிடையாது.

பைலி சேட்டுமாரின் சுக்குக் கிடங்கில் கதவுக்காரன். சுக்குக்குக் கந்தகப் புகை போட்டுக் கதவை அடைப்பார்கள். உள்ளே மாட்டினால் பிணம்தான். அதனால் சாத்தும் முன் கதவுக்காரன் மூன்று தடவை கூப்பிட வேண்டும்: "உள்ள ஆளுண்டா?" பதில் வந்தால், பதில் சொன்னவர் வாசல் தாண்டும் வரை கதவில் கை வைக்கக் கூடாது. முதலாளியே சொன்னாலும் கூடாது. பஜாரில் அதுதான் சட்டம். பைலி கலியாணம் செய்ததும், பெண்டாட்டியைப் பறிகொடுத்ததும், தலை நரைத்ததும் அந்த வாசலில்தான். கிடங்கை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் நாலு கோழிகளோடு குடியிருந்தான். மத்தி மீன் குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும்.

சுக்கு வியாபாரம் படுத்தது. சேட்டின் பேத்தி ரெஹானா கிடங்கை ஓவியக் கூடமாக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டாள். காயல் பக்கம் பின்னறையைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரே பகலில் உடைத்துத் திறந்தேன். காலி அறை. கந்தக நெடி மட்டும் நேற்றுப் போட்ட புகைபோல இருந்தது. பைலியை ரெஹானா காவலுக்கு வைத்துக்கொண்டாள், சாய்ப்பும் அவனுக்கே. புகை கிடையாது, மூட்டை கிடையாது. பைலி மட்டும் பழையபடி கூப்பிட்டுத்தான் கதவைச் சாத்துவான். படம் பார்க்க வந்தவர்கள் அதையும் போட்டோ எடுத்தார்கள்.

ஒரு நாள் காலையில் ரெஹானா வந்தால் கதவு விரியத் திறந்து கிடக்கிறது. பைலி படியில் உட்கார்ந்திருக்கிறான்.

"உள்ளேருந்து 'இதோ வர்றேன்'னு சொன்னாங்க மோளே. ஆளு இன்னும் வரல."

"யாரு சேட்டா?" பைலியை அவள் அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

"வந்தாத்தானே தெரியும்."

அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, கோபத்தில். "அத்தனையும் இரவல் படம். ஒண்ணு காணாமப் போனாலும் இந்தக் கட்டடத்தையே எழுதிக் குடுன்னு கேப்பாங்க. இன்னொரு தடவை திறந்து கிடந்தா உங்களுக்கு வேலையும் இல்ல, சாய்ப்பும் இல்ல."

அன்று மாலை அவளே சாத்திப் பூட்டினாள். மறுநாளும் அவளேதான். பைலி சோறு இறங்காமல் கிடந்தான். நான் போய்க் கிண்டல் செய்தேன்.

"என்னடா, உள்ள இருக்கிறது ஆளா, இல்ல உன் பழைய சாராயமா?"

"சிரிக்காத மேஸ்திரி. அன்னிக்கு முதல்ல பின்னறையிலேருந்து கேட்டுச்சு. அப்புறம் நடுக்கூடம். விடியறப்போ வாசல்கிட்ட தராசு மேடை வரைக்கும் வந்தாச்சு. இவ பூட்டினா, பாவம், மறுபடி பின்னறையிலேருந்து தொடங்கணும்."

எனக்குக் கோபம் வந்தது. நான் பூசிய சுவருக்குள் ஆள் இல்லாத குரல் என்றால் எனக்கல்லவா கேவலம்! ரெஹானாவிடம் போனேன். "ஒரு தடவை அவனைக் கூப்பிட விடு மோளே. எதிரொலின்னு நான் காட்டுறேன். அப்புறம் அவனை வச்சுக்கிறதும் அனுப்புறதும் உன் இஷ்டம்."

மதியமே கூடத்தை மூடி, ஆட்களை அனுப்பிவிட்டோம். அறை அறையாகப் பார்த்தேன். எலிகூட இல்லை. வாசலில் நின்று நானே கத்தினேன். பதில் இல்லை.

"பாத்தியா?" என்றேன்.

"நீ கதவுக்காரன் இல்லையே," என்று சொல்லிவிட்டு பைலி கூப்பிட்டான். மூன்றாவது தடவைக்குப் பிறகு, பின்னறையிலிருந்து, மூச்சு வாங்கும் குரலில்:

"இதோ வர்றேன்."

ரெஹானா என் கையைப் பிடித்தாள். நான் அசையவில்லை; அசைய முடியவில்லை என்று வேறு எவனாவது சொல்வான். பைலி மறுபடி கூப்பிட்டான். குரல் நடுக்கூடத்திலிருந்து வந்தது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது தராசு மேடையிலிருந்து. கடைசியாக, நிலைப்படிக்கு உள்ளே, என் முகத்துக்கு நேராக.

"ஒதுங்குங்க," என்றான் பைலி. "வழி விடுங்க."

ஒதுங்கினோம். தெருக்காற்று உள்நோக்கி அடித்துக்கொண்டிருந்தது; ரெஹானாவின் முக்காடு மட்டும் வெளிப்பக்கம் பறந்தது. கந்தக நெடி எங்களைக் கடந்து தெருவில் இறங்கியது. வேலை முடிந்து போகிற ஆளுக்குத் தலையசைப்பதுபோல பைலி தலையசைத்தான்.

ரெஹானா பூட்டை எடுத்தாள். "இனி சாத்தலாமா சேட்டா?"

"கேக்காம எப்படிச் சாத்துறது?"

கூப்பிட்டான். பின்னறையிலிருந்து பதில் வந்தது. ஒரு பெண்குரல். அது முடிவதற்குள் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. எத்தனை என்று பிரிக்க முடியவில்லை.

ரெஹானா உள்ளே இருட்டை எட்டிப் பார்த்தாள். பிறகு பூட்டைத் தரையில் வைத்தாள். நாற்காலி ஒன்றை இழுத்து வந்து பைலிக்குப் போட்டாள், பக்கத்தில் தனக்கொன்று.

"மேஸ்திரி, காலைல படத்தையெல்லாம் எங்க வீட்டுக்குக் கொண்டுபோயிருங்க. எல்லாரும் வெளிய வர்ற வரைக்கும் கதவு திறந்தே இருக்கட்டும். சேட்டன்தான் காவல்."

காலையில் படங்களை எடுத்துப்போக என் ஆட்களை அனுப்பினேன். நான் உள்ளே போகவில்லை. எனக்கு வெளியே வேலை இருந்தது.