வெள்ளை நடைவழி

லொரெட்டா வான்டிவர் வாயில் ஒரு நல்ல வார்த்தைகூடப் பெறாத ஒரே ஆள், அவள் கண்ணால் பார்த்தே இராத இன்கிரிட் ஹாகன். இருபத்தேழு வருஷம் பாசடீனாவில் வீடு வீடாகத் தபால் போட்டவள் லொரெட்டா. கடிக்க வந்த நாய்களைக்கூட அவள் அப்படித் திட்டியதில்லை.

எல்லாம் வீட்டால் வந்தது. ஆரஞ்சுத் தோப்புக்காரர் ப்ரூயிட் 1911இல் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு. ஆற்றுக்கல் தூண்கள், தாழ இறங்கிய கூரை, சுவரோடு சேர்த்தே செய்த அலமாரி, எங்கே திரும்பினாலும் தேன் நிற ஃபர் மரப் பலகை. ப்ரூயிட் நொடித்துப்போன பிறகு ஹாகன் தம்பதி வாங்கினார்கள். 1946இல் இன்கிரிட் அத்தனை மரத்துக்கும் வெள்ளை பெயிண்ட் அடித்துவிட்டாள். குளியலறைக் கதவுக்கு மட்டும் கரும்பச்சை!

எண்பத்து நாலில் வீட்டை வாங்கிய லொரெட்டா, அன்று முதல் சுரண்டிக்கொண்டிருந்தாள். சூடுகாட்டி இளக்கி, தகட்டால் வழித்து, மூலை முடுக்குக்குப் பல் டாக்டரிடம் கேட்டு வாங்கிய கொக்கி. முட்டி தேய்ந்ததே தவிர வாய் ஓயவில்லை.

“இன்னிக்கு அந்தம்மாவுக்கு அர்ச்சனை முடிஞ்சுதா?” என்பார் கணவர் டேல்.

“கண்ணு தெரிஞ்சவ செய்யற வேலையா இது? நீங்களே சொல்லுங்க!”

ஏப்ரலில் இப்படிப்பட்ட பழைய வீடுகள் பத்துப் பன்னிரண்டை ஊருக்குத் திறந்து காட்டுவது எங்கள் வழக்கம். அந்தப் பட்டியலில் இடம்பிடிக்க லொரெட்டா முப்பது வருஷமாக ஏங்கினாள். இந்தத் தடவை பட்டியல் போடும் ட்ரெட்வெல் வந்து, அலமாரியைத் தடவித் தடவிப் பார்த்து மயங்கிப்போனார். பாக்கி இருந்தது பின்பக்க நடைவழி ஒன்றுதான்.

“இதையும் சுரண்டிட்டீங்கன்னா உங்க வீடு உறுதி. பெயிண்ட் இருந்தா மட்டும் சேர்க்க மாட்டோம். அப்புறம், யார் யார்கிட்ட வீடு இருந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க.”

அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் லொரெட்டா ஹாகன்களின் மகள் நார்மாவைத் தேடிப் பிடித்தாள். ஒரேகானில் இருந்தாள், எழுபத்தொன்பது வயது. போனில் நாலு வார்த்தை நலம் விசாரித்ததும், இவளுக்கு நாக்கு அரித்தது.

“தப்பா நினைக்காதீங்க. உங்கம்மா ஏன்தான் அந்த வெள்ளையை அடிச்சாங்க?”

“அப்பாவுக்குக் கண்ணு போயிட்டே இருந்துச்சுங்க. அந்த வீடு உள்ள ஒரே இருட்டுதானே. எது எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியாது. தினமும் எதுலயாச்சும் மோதி ரத்தத்தோட வருவாரு. அம்மா ஒரே வாரத்துல அத்தனையும் வெள்ளை அடிச்சாங்க. பாத்ரூம் கதவை மட்டும் பச்சையாக்கினாங்க, அவரு யாரையும் கூப்பிடாம தானே போகட்டும்னு.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“அப்பாவுக்கு ரோஷம் ஜாஸ்தி. வர்றவங்ககிட்ட ‘எம்பொண்டாட்டிக்குப் புது ஃபேஷன் பைத்தியம்’னு அவரே சொல்லிச் சிரிப்பாரு. அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாங்க. அந்தப் பேரோடவே போயிட்டாங்க.”

லொரெட்டா போனை வைத்துவிட்டு அந்த நடைவழியிலேயே உட்கார்ந்து அழுதாள். வெட்கத்தில் வந்த அழுகை; அழட்டும், அழ வேண்டியதுதான்.

வியாழக்கிழமை ட்ரெட்வெல் வந்தபோது நடைவழி வெள்ளையாகவே இருந்தது. லொரெட்டா விஷயத்தைச் சொன்னாள். அவருக்கும் மனசு கஷ்டப்பட்டது.

“எனக்குப் புரியுதுங்க. ஆனா விதியை நான் மாத்த முடியாதே. இன்னும் ரெண்டு வாரம் டைம் தர்றேன், யோசிங்க.”

“யோசிச்சாச்சு. பட்டியல்லேர்ந்து எங்க வீட்டை எடுத்துடுங்க.”

அவர் தயங்கித் தயங்கிப் பட்டியலில் அந்த வீட்டின் மேல் கோடு போட்டார். டேலுக்குத்தான் பொறுக்கவில்லை.

“முப்பது வருஷ ஆசைடி! ஒரு நடைக்காக விடறியா?”

“இத்தனை வருஷமா அந்தம்மாவைத் திட்டித் திட்டியே வீடு பூராச் சுரண்டிட்டேன். இதையும் சுரண்டிட்டா, மன்னிப்புக் கேக்க இந்த வீட்டுல எனக்கு இடமே இருக்காதுங்க.”