பத்தாவது ஆள்

எழுபதுகளின் தொடக்கத்தில் பிராங்பேர்ட்டில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஒரு டிசம்பர் பிற்பகல், ஆய்வகத்தில் பக்கத்து மேசை ஜெர்மன் நண்பர் என்னைத் துணைக்கு அழைத்தார். யூதரான அவருடைய அப்பா இறந்து அன்றோடு ஒரு வருடம். ஜெபக்கூடத்தில் அவருக்காக ஒரு பிரார்த்தனை சொல்ல வேண்டும். சூரியன் மறைந்தால் அவர்கள் வழக்கப்படி அந்த நாள் முடிந்துவிடும். பத்து யூத ஆண்கள் கூடினால்தான் சொல்லவும் முடியும்.

ஒரு மாடியறையில் வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதையும் எண்ணிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. விரலை நீட்டி எண்ணிவிட்டு, "ஒன்பது. உங்களோடு பத்து" என்றேன் நண்பரிடம்.

ஒரு பெரியவர் என் விரலைப் பிடித்து மடக்கினார். "ஆளுங்களை எண்ணாதீங்க. எங்ககிட்ட அந்தப் பழக்கம் இல்லை." நண்பர் பக்கம் திரும்பினார். "அம்மாவும் நம்ம ஆளா?"

"இல்லை. சர்ச்சுக்குப் போறவங்க."

"அப்போ பத்துல சேர்க்க முடியாதே, தம்பி. அம்மா யூதரா இருந்தாத்தான் பிள்ளையும் யூதன்."

நண்பரின் முகம் சிவந்தது. "சின்ன வயசுல யூதன்னு சொல்லி நாஜிங்க என்னை ஸ்கூல்லேருந்து துரத்தினாங்க. அப்போ யாரும் அம்மாவைப் பத்திக் கேட்கலையே?"

"அவங்க சட்டத்தை வெச்சு நாங்க ஆள் சேர்க்க முடியுமா?" என்றார் பெரியவர் மெதுவாக.

ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. என்னால் உட்காரவே முடியவில்லை. நண்பர் கையிலிருந்த பிரார்த்தனைத் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். திடீரென்று பெரியவர் எழுந்து, படியிறங்கி ஓடினார். திரும்பி வந்தபோது, தெருமுனையில் கடிகாரம் பழுது பார்ப்பவரின் கை அவர் பிடியில் இருந்தது.

"விடுய்யா! எனக்குச் சாமியே கிடையாது. மத்தியானம் பன்னிக்கறிதான் சாப்பிட்டேன்."

"அதை யார் கேட்டா? உன் அம்மா யூதர், அது போதும். தொப்பியைப் போடு."

ஆள் சேர்ந்துவிட்டது. நண்பர் எழுந்து நின்று வாசித்தார். பாதியில் குரல் உடைந்து நின்றுபோனது. அடுத்த சொல்லை மெல்ல எடுத்துக் கொடுத்தவர், அந்தக் கடிகாரக்காரர்தான்.

டிராமுக்குக் காத்திருந்தபோது நண்பர் கேட்டார்: "உங்க கணக்குல நான் உண்டா?" உண்டு என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்ல நான் யார் என்று தயங்கி நின்றேன்.

இந்த வயதிலும் எந்தக் கூட்டத்தைக் கண்டாலும் விரல் தானாக எண்ணத் தொடங்குகிறது. ஒன்பது வந்ததும் மடக்கிக்கொள்கிறேன். என் கணக்கில் வராத யாரோ ஒருவர் அங்கே கையில் தாளோடு நிற்பதாகவே மனம் அடித்துக்கொள்கிறது.