புத்தம்புதுப் பையை வெட்டச் சொன்னார்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் என் ஏலக்காய்க் கடைக்கு அடுத்த கடை ஜொஹரா பீவியுடையது. கைப்பை பழுது பார்ப்பாள். எல்லோருக்கும் அவள் ‘இத்தா’, அதாவது அக்கா. அவளிடம் வாயைக் கொடுத்தால் மீள முடியாது. பையைக் கொடுத்தால் புதிதாகத் திரும்பி வரும்.

முன்பெல்லாம் பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். இப்போது எர்ணாகுளத்தில் கல்லூரிப் பெண்கள்கூடத் தவணையில் வெளிநாட்டுப் பை வாங்குகிறார்கள். சில பைகளின் விலைக்கு எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்தையே முடித்துவிடலாம். என்ன விலையானாலும் பை அறுந்துதானே போகும்? அறுந்தால் இவளிடம்தான் வரும். கமலாக்ஷி, பொன்மணி என்று இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாள். ஆனால் மழைக்காலம் வந்தால் வேலை வறண்டுவிடும். பொன்மணியை நிறுத்த வேண்டிவருமோ என்று சென்ற ஆண்டு என்னிடம் புலம்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் எர்ணாகுளம் கடை மேலாளர் வைத்தீஸ்வரன் வந்தார். தங்கள் கடைக்கு வரும் பழுது வேலை முழுவதையும் இவளுக்கே தருவதாகச் சொன்னார். எங்களுக்கெல்லாம் வயிறு குளிர்ந்தது.

கூடவே இரண்டு பெட்டிகளை இறக்கினார். உள்ளே விற்காமல் போன புதுப் பைகள். ஒரு கீறல் கிடையாது. எல்லாவற்றையும் வெட்டி, வீடியோ எடுத்து அனுப்பிவிட்டு எரித்துவிட வேண்டுமாம்.

“எதுக்கு சாரே?”

“தள்ளுபடியில வித்தா பேரு போயிடும். கம்பெனி வழக்கம் அப்படி.”

ஜொஹரா கத்தரியை எடுத்தாள். திரும்ப வைத்துவிட்டாள். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள் அவள். தோல் கழிவு கலந்து தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனதைப் பார்த்தவள்.

“ஒரு தோலுக்கு எத்தற தண்ணி செலவாகும்னு எனக்குத் தெரியும் சாரே. கெணறு போச்சு, மாடும் போச்சு. மிச்சத்தையும் எரிக்கணுமா? என் கையால ஆவாது.”

“அப்ப பழுது வேலையும் கிடையாது இத்தா. ரெண்டும் சேர்த்துத்தான்.”

பொன்மணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “வெட்டித் தொலையேன், உனக்கென்ன” என்று நானே சொல்லிவிட்டேன். அதற்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது.

திட்டி முடித்த கையோடு ஒரு பையை மடியில் வைத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். கமலாக்ஷியும் பொன்மணியும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். தோல், கொக்கி, ஜிப், உள்துணி எல்லாம் மேசையில் தனித்தனியாகச் சேர்ந்தன. கம்பெனிப் பேர் பொறித்த துண்டை மட்டும் அறுத்து வைத்தீஸ்வரன் கையில் கொடுத்தாள்.

“இந்தாங்க உங்க பேரு. இனி இதை ஆரும் பையின்னு விக்க முடியாது. தோலை எனக்குத் தாங்க, பழுதுக்கு வர்ற பைங்களுக்கு ஒட்டுப் போடறேன். இதை வீடியோ எடுத்து அனுப்புங்க.”

மனிதர் மேசையில் கிடந்த தோல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “சம்மதிக்க மாட்டாங்க” என்றார். ஆனாலும் வீடியோ எடுத்தார்.

பதில் வரும்வரை என் கடையில் ஏலக்காயைத் தப்பாகவே நிறுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சம்மதம் வந்தது. இப்படி எரிப்பதைப் பற்றி கம்பெனியின் சொந்த நாட்டுக்காரர்களே கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார்களாம்; கம்பெனிக்கு இது தோதாகப் போயிற்று. பழுது வேலை இவளுக்கே. மற்ற ஊர்க் கடைகளில் மிஞ்சும் பைகளும் இனி பிரிப்பதற்கு இங்கேதான் வரும். பொன்மணி அழுதேவிட்டாள். நான் மட்டும் சிரித்தேனா என்ன?

“மாசம் பத்துப் பெட்டியாவது வரும் இத்தா. சந்தோஷம்தானே?” என்றார் வைத்தீஸ்வரன்.

ஜொஹராவின் முகம் சுருங்கியது. “பத்தா? ஆரும் வாங்காததை எதுக்கு சாரே இத்தற உண்டாக்கறாங்க? கொறைக்கச் சொல்லுங்க.”

“குறைச்சா உங்களுக்குத்தானே வேலை போகும்!”

“போட்டும் சாரே. வித்த பையெல்லாம் அறுந்து வரும்ல, எனக்கு அது போதும். சிரிக்காதீங்க. இதையும் மேல சொல்லுங்க.”