அரை மில்லிமீட்டர் கோடு

பல்செட்டுக்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து, முகம் பார்த்தறியாதவர்களின் வாய்க்குப் பல் செய்துகொடுப்பது அவர் வேலை. மெழுகில் பல்லைச் செதுக்கி, சாந்துக்குள் புதைத்து, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார். இதே வித்தையை வைத்துக்கொண்டுதான் வீட்டில் நீராவி ரயில் எஞ்சின் ஒன்றுக்கு விசிலும் வால்வும் வார்த்தார். எஞ்சின் என்றால் மாதிரி எஞ்சின், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட நீளம். பித்தளைத் தகட்டில் உடம்பு. தகட்டின் உள்பக்கத்திலிருந்து ஊசியால் தட்டித் தட்டி ஆயிரத்துக்கு மேல் ஆணித்தலைகளை எழுப்பியிருந்தார். ஓட்டுநர் அறைக்குள் மிளகு அளவில் அழுத்தமானி. அதில் எறும்புக் கால் மாதிரி ஒரு முள். உடம்பு முடியவே பதினொரு வருஷம் ஆயிற்று.

அவர் மனைவி கட்டடத் துறை அலுவலகத்தில் டிரேசர். பொறியாளர்கள் பென்சிலில் போட்டுக் கொடுத்த படத்தின் மேல் தாளை விரித்து, கோட்டுப் பேனாவால் மையில் இழுப்பாள். இரண்டு எஃகு அலகுகளுக்கு நடுவில் மையை ஏந்திக்கொண்டு போகும் பேனா அது. திருகைத் திருகினால் கோடு மெலியும், தடிக்கும்.

"ஊருக்கெல்லாம் பல்லு கட்டறீங்க, வீட்டுல மட்டும் வாயத் திறக்கறதில்ல" என்று அவள் கேலி செய்வாள். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஜன்னலோர மேசையில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு "ம்" வரும். ஆள் வர அரை மணி நேரம் ஆகும்.

கடைசியில் வண்ணம் பூசும் கட்டம் வந்தது. கரும்பச்சையை மெல்லிசாக ஆறு பூச்சு பூசினார். அதன் மேல் கோடு போட வேண்டும். கொதிகலனைச் சுற்றி ஏழு பட்டை, ஒவ்வொரு பட்டையின் இரண்டு ஓரத்திலும் சிவப்பில் அரை மில்லிமீட்டர் கோடு. மாதிரி எஞ்சின் செய்கிறவர்கள் பலர் பயந்து பின்வாங்கும் இடம் அதுதான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைகிற இடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி மேசைக்கு அருகில் வந்து நின்றாள்.

"கோடு மட்டும் நான் போடட்டுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றக்கூட இல்லை. "இது என்ன ஆபீஸ் தாளா, தப்பாப் போனா வேற தாள் எடுக்க? பதினொரு வருஷ உழைப்பு. கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லு, வெளிச்சத்தை மறைக்கற."

அவள் நகர்ந்துகொண்டாள். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. அன்று சாயங்காலம் வழக்கம்போல டீ வந்தது. ஆகவே அவரும் அதோடு மறந்துபோனார்.

கோடு அவருக்கு வரவில்லை. முதல் தடவை சிவப்பு கசிந்து பரவியது. இரண்டாம் தடவை நடுவில் அறுந்தது. மூன்றாம் தடவை கொதிகலனைச் சுற்றிவந்த கோட்டின் முனையும் தொடக்கமும் ஒன்றையொன்று பார்க்காமல் ஒதுங்கிப் போயின. ஒவ்வொரு தடவையும் பச்சையைச் சுரண்டி எடுத்து, மறுபடி ஆறு பூச்சு. அப்புறம் மனசு விட்டுப்போயிற்று. கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து எஞ்சினை உள்ளே வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர்கள், "அருமையா இருக்கே, முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி" என்பார். ஒன்பது வருஷம் அந்த ஒரே பதில்தான்.

இதற்கிடையில் மகள் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போனாள். மனைவி ஓய்வு பெற்றாள். அடுத்த வருஷம் அவரும். ஒருநாள் அவள் கையில் டீ கோப்பை சாசரோடு கடகடவென்று அடித்துக்கொண்டது. முதலில் குளிர் என்றாள், பிறகு அசதி என்றாள். நரம்பு டாக்டர், "இது நடுக்க நோய். மாத்திரையில கட்டுப்படுத்தலாம், ஆனா முழுசாப் போகாது" என்று சொல்லிவிட்டார். வலது கைதான். சட்டைப் பொத்தானைக்கூட அவர்தான் மாட்டிவிட வேண்டியதாயிற்று.

அவளுடைய பழைய மருத்துவச் சீட்டு ஒன்றைத் தேடி அலமாரியின் மேல்தட்டைக் குடைந்தபோது, அலுவலகப் பைக்குள் பழைய துணியில் சுற்றிய ஏதோ கையில் தட்டுப்பட்டது. பிரித்தார். பிஸ்கட் டப்பா மூடிகள், ஐந்து. எல்லாவற்றிலும் கரும்பச்சை பூசியிருந்தது. அதன் மேல் சிவப்புக் கோடுகள்.

முதல் மூடியில் கோடு கொஞ்சம் தடிப்பு. இரண்டாவதில் ஓரிடத்தில் கசிவு. ஐந்தாவதில், மூடியின் வளைந்த விளிம்பைச் சுற்றி ஒரு கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்திருந்தது. எங்கே சேர்ந்தது என்று அவர் பூதக்கண்ணாடியை வைத்துத் தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. டிரேசர்களுக்கே உரிய பழக்கத்தில் ஓரத்தில் பொடி எழுத்தில் தேதி போட்டிருந்தாள். மகள் கல்லூரியில் சேர்ந்த வருஷம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய நாள்.

மூடியோடு போய் அவள் முன்னால் நின்றார். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்போ பண்ணினே?"

"ஆபீஸ்ல, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல. உங்க பெயிண்ட்தான். டப்பால குறைஞ்சது உங்களுக்குத் தெரியல."

"அன்னைக்கே காட்டியிருக்கலாமே!"

"காட்டத்தான் பைக்குள்ள வெச்சுக்கிட்டு வந்து நின்னேன். வெளிச்சத்தை மறைக்கறேன்னு சொன்னீங்க."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. கடைக்குப் போனேன், பூட்டியிருந்தது என்பதுபோலத்தான் சொன்னாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மடையன் தான்தான் என்று அவருக்குப் புரிந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் எஞ்சினைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, கொதிகலனை மட்டும் கழற்றி மேசையில் வைத்தார். அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்து, சிவப்பு ஏற்றிய கோட்டுப் பேனாவை அவள் கையில் கொடுத்தார்.

"ஒரே ஒரு கோடு. நீ போடு."

"வேணாங்க."

"எனக்காக."

அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பேனாவை வைத்தாள். அலகு பச்சையைத் தொட்டதும் கை உதறியது. சிவப்பு ஒரு சொட்டாக விழுந்து, புழு ஊர்ந்ததுபோல நெளிந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"துடைச்சிடுங்க, காயறதுக்குள்ள."

"இருக்கட்டுமே. நீ போட்டதாச்சே."

"நான் போட்டதுங்கறதாலதான் சொல்றேன். இந்த மாதிரிக் கோட்டை நான் ஒருநாளும் விட்டு வெச்சதில்ல. துடைங்க."

துடைத்தார்.

அதன் பிறகு அவள் சொல்லச் சொல்ல அவர் போட்டார். "பெயிண்ட்ல இன்னும் ரெண்டு சொட்டு டர்பன்டைன்… பேனாவை ஏன் ஓட்டறீங்க? அதை ஒரே இடத்துல நிறுத்திட்டு கொதிகலனைத் திருப்புங்க… மூச்சை முழுசா விட்டுட்டு ஆரம்பிங்க. பாதியில மூச்சு இழுக்காதீங்க." இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே கொதிகலனைப் படுக்கவைத்து, இடது கையால் மெல்ல உருட்டினார். நாலே மத்தியானத்தில் பதினாலு கோடும் முடிந்தன. ஒன்பது வருஷம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த வேலைக்கு நாலு மத்தியானம்!

மாதிரி எஞ்சின் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. படி இறங்க முடியாததால் அவள் போகவில்லை. நடுவர் பூதக்கண்ணாடியோடு குனிந்து, கொதிகலனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கோடு யார் சார் போட்டது?"

"நான்தான்" என்றார் பல்செட்டுக்காரர்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் பழக்கத்தில் தானாகச் சொல்லிற்று. திருத்திக்கொள்ள வாயெடுப்பதற்குள் நடுவர் அடுத்த மேசைக்குப் போயிருந்தார். மெருகு வேலைக்கு முதல் பரிசு என்று ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொன்னார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் தரையைப் பார்த்தபடி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "கோட்டைப் பாத்தாங்களா?"

"அதைத்தான் பாத்தாங்க. யார் போட்டதுன்னு கேட்டாங்க. நான்னு சொல்லிட்டேன்."

"நீங்கதானே போட்டீங்க?" என்றாள் அவள். நிஜமாகவேதான் சொன்னாள். அதை அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாளே சங்கச் செயலாளருக்குப் போன் செய்தார். மனைவி பெயரையும் சேர்க்க வேண்டும் என்றார். "ஆண்டு மலர் அச்சுக்குப் போயிடுச்சு சார். அடுத்த வருஷம் புது எஞ்சின் கொண்டு வாங்க, அப்போ சேத்துடலாம்" என்றார் செயலாளர். அடுத்த எஞ்சினுக்கு இன்னொரு பதினொரு வருஷத்துக்கு எங்கே போவது!

இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும் கேட்காமலேயே சொல்லத் தொடங்கிவிடுகிறார். போன வாரம் மின்மீட்டர் பார்க்க வந்தவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார். பிஸ்கட் டப்பா மூடியையும் எஞ்சினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது என் சம்சாரம் போட்டது, அது அவ சொல்லிக் கொடுத்து நான் போட்டது. ரெண்டையும் பாருங்க, எது ஒசத்தின்னு சொல்லுங்க" என்றார்.

"அவரை விடுங்க, இன்னும் எத்தனை வீடு பாக்கணுமோ" என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது.

மீட்டர்க்காரர் இரண்டையும் பார்த்தார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.