தங்காலையோடு திரும்பிய பயணம்

பண்டாரவளையிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ஈஸ்டர் முடிந்த வாரம், பள்ளிகளுக்கு விடுமுறை. நிர்மலா பாலர் பாடசாலை ஆசிரியை; நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவன். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் எங்கள் இருவரின் முதல் உல்லாசப் பயணம் இது. பெரகல, கொஸ்லந்த, வெல்லவாய என்று இறங்கி அம்பாந்தோட்டையில் கடலைப் பிடிப்பது, பிறகு கரையோரமாகவே தங்காலை, மாத்தறை, காலி என்று போவது, இதுதான் திட்டம். நான்கு நாள். கார் எங்களுடையதுதான், ஆனால் எங்களுக்கு முன்னால் மூன்று பேருடையதாக இருந்தது.

நான் பயந்தாங்கொள்ளி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புறப்படுவதற்கு முன் டயரை நான்கு தரம் உதைத்துப் பார்த்தேன். பிரேக் எண்ணெய் பார்த்தேன். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று திரும்பவும் போய்ப் பார்த்தேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று நிர்மலா காருக்குள் இருந்தபடியே சொன்னாள்.

ஹப்புத்தளையில் மூடுபனி. முன்னால் போன லொறியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே பெரகல சந்திக்கு வந்து சேர்ந்தோம். சந்திக் கடையில் ஒரு பிளேன்டீ அறுபது ரூபாய், பணிஸ் சூடாக இருந்தது. நேற்று மாலை இடியோடு நல்ல மழை என்றார் கடைக்காரர். சித்திரையில் பின்னேர மழை எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. இருந்தாலும் "நல்ல மழை" என்ற சொல் என் மனதில் தங்கிவிட்டது. மீரியபெத்த மண்சரிவில் லயங்களே புதைந்துபோன பிறகு இந்தப் பாதையில் மழையைப் பற்றி யாரும் சும்மா பேசுவதில்லை.

கொஸ்லந்தயைத் தாண்டி ஒரு தோட்டத்தில்தான் நிர்மலாவின் அப்பா, அந்தோனி மாமா, இருக்கிறார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியையும் பறிகொடுத்து, ஆறாம் நம்பர் லயத்தின் வரிசை அறைகளில் கடைசிக் காம்பராவில் ஒரு பசுமாட்டோடு தனியாக வாழ்கிறார். காம்பராவுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண் மேடு. அதில் ஓடும் வெடிப்பை அதிகாரிகள் வந்து பார்த்து, கனத்த மழை என்றால் பாடசாலைக்குப் போய்விடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். மாமா அந்த வெடிப்பில் உரச்சாக்குகளைத் திணித்து வைத்திருந்தார், ஏதோ காற்று வரும் ஜன்னலை அடைப்பதுபோல.

"மழ வந்தா ஸ்கூலுக்குப் போயிருவீங்கதானே, அப்பா?" என்றாள் நிர்மலா.

"மூணு தடவ போனேன். மூணு தடவயும் ஒண்ணும் நடக்கல. பாயச் சுருட்டிக்கிட்டுத் திரும்பி வந்தேன்."

"நாலாவது தடவயும் போங்க."

"சரி, போறேன். நீங்க கடல்ல பத்திரமா இருங்க. மாப்பிள்ள, அவள ஆழத்துக்கு விடாதீங்க. கடல நான் கண்ணால பாத்ததில்ல, ஆனா அது நல்ல சாமான் இல்ல."

எங்கே தங்குகிறோம் என்று கேட்டுக்கொண்டார். அம்பாந்தோட்டையில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நசீர் நானாவின் விடுதி என்றேன். அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவருடைய கைபேசி ஒரு பிளாஸ்டிக் பையில், முன் ஜன்னல் கம்பியில் தொங்கியது. அந்த ஜன்னலில் மட்டும்தான் சிக்னல்.

தியலும நீர்வீழ்ச்சியைக் கடந்து இறங்கும்போது பிரேக் கருகும் நாற்றம் வந்தது. நிறுத்தி ஆற வைத்தேன். வெல்லவாயவுக்குப் பிறகு பாதை நேராகிவிட்டது. நேரான பாதையிலும் பழக்கதோஷத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனேன். தணமல்விலவில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்று என்னை முறைத்தார்.

பிற்பகல் அம்பாந்தோட்டை. அறை ஏழாயிரம் ரூபாய், காலைச் சாப்பாட்டோடு. காரை முற்றத்தில் நிறுத்திவிட்டு, வழக்கம்போல ஒரு கல்லைத் தேடிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். நசீர் நானா வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தம்பி, இது கடக்கரை. தட்டையான தரை. கார் எங்க போவப் போவுது?"

எங்கள் ஊரைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. "எப்படித்தான் நித்திரை கொள்றீங்களோ. தலைக்கு மேல மண்ணு!" என்றார். சுனாமியில் அவருடைய தங்கையைக் கடல் கொண்டுபோயிருந்தது. அதன் பிறகுதான் மாடி கட்டினாராம். அலைச் சத்தம் கேட்கும் இந்த இடத்தில் நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. மாலையில் நிர்மலா அப்பாவை அழைத்தாள். லேசாகத் தூறுகிறது, மாடு சுகம் என்றார். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் விடியலிலேயே தங்காலைக்கு ஓட்டினோம், நாற்பது கிலோமீற்றர். பாதையின் இடதுபுறம் கடல் வருவதும் மறைவதுமாக இருந்தது. வரும்போதெல்லாம் நிர்மலா "அதோ, அதோ" என்று சின்னப்பிள்ளைபோலக் கத்தினாள். வெளியே அலை பெரிதாக இருக்கிறது, பாறைக்கு உள்ளே இருக்கும் குளம் போன்ற நீரில் குளியுங்கள் என்றார் கரையில் வலை உலர்த்திய ஒருவர். முழங்கால் அளவு தண்ணீரில் நானும், கழுத்தளவில் அவளும் குளித்தோம். அவள் அப்படிச் சிரித்து நான் வெகுகாலமாகப் பார்க்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்கும் பயம் இல்லை. உண்மையாகவே இல்லை.

காருக்கு வந்து நிர்மலாவின் கைபேசியை எடுத்தால், அவள் அப்பாவிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள். காலை நேரத்தில் அவர் தானாக அழைப்பவர் அல்லர். நிர்மலா திரும்ப அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. நான் என் கைபேசியில் செய்தியைத் திறந்தேன். மலையில் இரவு முழுவதும் மழை. மாமாவின் தோட்டம் இருக்கும் ஹல்துமுல்லைப் பிரதேசத்துக்கு மண்சரிவுச் சிவப்பு எச்சரிக்கை. கைபேசியை அப்படியே அவளிடம் நீட்டினேன்.

"காரத் திருப்புங்க" என்றாள். தலையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

தங்காலையிலிருந்து வெல்லவாய நூற்றுப் பத்துக் கிலோமீற்றருக்கு மேல். எங்கும் நிறுத்தாமல் ஓட்டினேன். அம்பாந்தோட்டையில் விடுதிப் பக்கம்கூடத் திரும்பவில்லை. துணிமணி அறையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அவள் பத்து நிமிடத்துக்கொரு தரம் அழைத்தாள். "அடிக்குதுங்க, எடுக்க மாட்டேங்கிறாரு. ஸ்கூலுக்குப் போயிருப்பாரு. ஃபோன் ஜன்னல்ல தொங்கும், அதான்." அதை என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. தணமல்விலவைத் தாண்டியபோது மணி அடிப்பது நின்றுபோய், தொடர்பு கொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் சொன்னது. நிர்மலா ஜெபமாலையை எடுத்தாள். நான் ஹோர்ன் அடிக்கவும் மறந்திருந்தேன்.

வெல்லவாயவில் மழை பிடித்துக்கொண்டது. தியலுமவுக்கு மேலே சிறிது தூரத்தில் பொலிஸார் வாகனங்களை மறித்துவிட்டார்கள். வளைவில் மேட்டுப்பக்கம் சரிந்து, சிவந்த மண் பாதையை மூடிக் கிடந்தது. மறுபக்கம் ஒரு பஸ் நின்றது. கொஸ்லந்தயில் ஆட்டோ ஓட்டும் மோகன் எங்கள் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றான். நிர்மலாவை அடையாளம் கண்டு வந்தான். ஆனால் பக்கத்தில் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லு மோகன்" என்றாள்.

"அக்கா, இப்பத்தான் தம்பி ஃபோன்ல கோல் எடுத்தான். ஆறாம் நம்பர் லயத்துல பின்னால மண்ணு வந்துருச்சாம். கடைசி மூணு காம்பரா போயிருச்சு. ஆளுங்க எல்லாம் ஸ்கூல்ல. பேர் கூப்பிட்டப்போ அப்பா மட்டும் இல்லையாம். தேடுறாங்க."

நிர்மலா அழவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மண்ணை நோக்கி நடந்தாள். பொலிஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்நாளில் எத்தனையோ நடக்காதவற்றுக்குப் பயந்திருக்கிறேன். நடந்துவிட்ட ஒன்றின் முன்னால் எப்படி நிற்பதென்று எனக்குத் தெரியவில்லை.

மழை சற்று விட்டது. மறுபக்கத்து பஸ்ஸில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கைபிடித்து, சரிவின் கீழோரமாக இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். ஒரு தாயும் கைக்குழந்தையும். இரண்டு பிக்குமார். அவர்களுக்குப் பின்னால், உரச்சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, ஞாயிறு பூசைக்கு உடுத்தும் வெள்ளைச் சட்டையில், அந்தோனி மாமா.

எங்களைக் கண்டதும் அவர்தான் ஓடிவந்தார். நிர்மலாவின் தலையை, தோளைத் தடவிப் பார்த்தார். ஈரத் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "தப்பிச்சி வந்துட்டியா பாப்பா?" என்றார்.

"எதுலருந்துப்பா?"

"காலைல ரேடியோவுல சொன்னாங்க, தெக்குப் பக்கம் கடல் கொந்தளிப்பாம், மீன் பிடிக்கிறவங்க யாரும் போகாதீங்கன்னு. பொங்கப் போகுதுன்னு நெனச்சேன். ரெண்டு தடவ அடிச்சேன், நீ எடுக்கல. வீட்டுல இருப்புக் கொள்ளல. மாட்ட அவுத்து விட்டுட்டு, ஃபோன ஜன்னல்லயே மறந்துட்டு, எட்டு மணி பஸ்ஸப் புடிச்சேன். பள்ளிவாசல், நசீர் நானா. கேட்டுக் கேட்டு வந்துறலாம்னு. பாத்தா இங்க மண்ணு விழுந்து நாலு மணி நேரமா பாதைய மறிச்சிருச்சு."

மோகன் வாயைத் திறந்தான். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.

பாதை இன்றைக்குத் திறக்காது என்றார்கள். காரை வெல்லவாயப் பக்கம் திருப்பினேன். மாமா பின் இருக்கையில், நனைந்த சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிர்மலா அவர் பக்கத்தில். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"அப்ப கடல் பொங்கலியா?"

"இல்லப்பா. அலைதான் கொஞ்சம் பெருசா இருந்துச்சு."

"ஒண்ணுமே நடக்கலியா?"

"ஒண்ணும் நடக்கல."

மாமா தனக்குள் சிரித்துக்கொண்டார். சிரிப்பில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

"அட, இது தெரிஞ்சிருந்தா நான் பேசாம வீட்டுலயே இருந்திருப்பேனே."

கண்ணாடியில் நிர்மலா என்னைப் பார்த்தாள். நான் காரை ஓரமாக நிறுத்தினேன். அவள் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, சொல்லத் தொடங்கினாள்.